கிருத்திகையன்று ஒரு மீன் குழம்பு

போன மாதம், கல்லைத் தின்றாலும் செரிக்கிற என் மாமனாரை, நெஞ்சுவலி என்று சொல்லிக் கதிர்காமத்து ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தேன். வாயால்தான். நண்பர் ஒருவர் தன் மகளின் கல்யாண வரவேற்பில் என்னை ஒரு மணி நேரம் சிரிக்கச் சிரிக்க வாழ்த்திப் பேசச் சொல்லியிருந்தார். தப்பிப்பதற்கு 'வீட்டில் உடம்பு சரியில்லை' என்பதே போதும். ஆனால் பொய்யைச் சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்திக்கொள்ளும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. நெஞ்சுவலி என்றேன், கதிர்காமம் என்றேன், இரண்டாவது மாடி என்றேன், சன்னலோரக் கட்டில் என்றேன், இட்லி மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். கல்யாணம் முடிந்ததும் அந்த நல்ல மனிதர் இரண்டாவது மாடியின் சன்னலோரக் கட்டில்களையெல்லாம் தேடி முடித்துவிட்டு, ஒரு பை ஆப்பிளோடு ரெட்டியார்பாளையத்தில் என் வீட்டுக்கே வந்து மணியடித்தார். கதவைத் திறந்தவர் என் மாமனார். வாயில் முறுக்கு. ஆப்பிளை வாங்கிக்கொண்டு, "யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று அவர் மிகுந்த அக்கறையோடு விசாரித்தது உள்ளறையில் ஒளிந்திருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது.

எங்கள் குடியிருப்போர் சங்கப் பட்டிமன்றத்தில் 'எந்தச் சூழ்நிலையிலும் பொய் கூடாது' என்ற அணிக்குத் தலைமை தாங்கி நான் கைத்தட்டல் வாங்கி ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. ஆகவே எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பயம்தான் வந்தது. ஐம்பதைத் தாண்டிய ஆள், அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒன்பது வயதுப் பையனைப் போல் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பயத்துக்கு ஒரு வாசனை உண்டு. நனைந்த கோணிப்பையும் மண்ணெண்ணெயும் புளி கொதிக்கிற மீன் குழம்பும் சேர்ந்த வாசனை. எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

அப்போது நாங்கள் நெல்லித்தோப்பில் குடியிருந்தோம். அப்பாவுக்கு அரியாங்குப்பத்தில் மரம் அறுத்து விற்கும் ஒரு மரவாடியில் வேலை. தினமும் சைக்கிளில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார். முருகன் மேல் அவருக்கு அப்படி ஒரு பக்தி. மாதாமாதம் கிருத்திகையன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர். சாயங்காலம் வீட்டுக்கு வந்து விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகு ஒரு டம்ளர் பால், இரண்டு வாழைப்பழம். மறுநாள்தான் சோறு. அன்றைக்கு வீட்டில் 'கவிச்சி' என்ற சொல்லைக்கூட யாரும் உச்சரிக்கக் கூடாது. வாயை அடக்கத் தெரியாதவனுக்கு வாழ்க்கையில் எதுவும் அடங்காது என்று சாப்பாட்டு நேரம் பார்த்து எனக்குச் சொல்லுவார்.

நான் பொய் சொல்லாத பிள்ளை என்று தெருவில் பெயர் வாங்கியிருந்தேன். இதில் என் ஒழுக்கத்துக்குப் பங்கில்லை, பயம்தான் காரணம். பள்ளியில் நல்லொழுக்க வகுப்பெடுத்த வாத்தியார், பொய் சொல்லும் பிள்ளையின் நாக்கில் முதலில் வெள்ளைப் புள்ளி தோன்றும், பிறகு அது புழுவாகும் என்று, ஏதோ பக்கத்தில் நின்று பார்த்தவரைப் போலச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து தினமும் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்ப்பது என் வழக்கமாகியிருந்தது. வீட்டில் பேசுவதில்கூட எனக்குச் சந்தேகங்கள் வந்தன. அரிசிப் பானை காலியானால் அம்மா 'அரிசி நெறஞ்சிருக்கு' என்பாள். துடைத்து வைத்த பானையைப் பார்த்து இப்படிச் சொல்லலாமா, இது பொய்யில்லையா என்று ஒரு நாள் கேட்டேன். "பொய் இல்லடா, அது மங்கலம்" என்றாள். எந்தப் பொய் மங்கலம், எந்தப் பொய் புழு என்று பிரித்துச் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் நேரமில்லை.

எங்கள் பக்கத்து வீட்டில் தனியாக இருந்தவர் அந்துவான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்பார்கள். எங்களுக்கு அவர் 'சொல்தா மாமா'. மூக்கு ஒழுகுகிற பையனைக்கூட 'முசியே' என்று மரியாதையாக அழைப்பார். அவர் சொல்லாத சண்டை கிடையாது. ஒற்றை ஆளாக ஆற்றைக் கடந்தது, புலியையும் எதிரியையும் ஒரே குண்டில் வீழ்த்தியது, தளபதி தன் தொப்பியைக் கழற்றி இவர் தலையில் வைத்தது. ஒவ்வொரு கதையின் முடிவிலும் உள்ளங்கையை நெஞ்சில் வைத்து 'செ வ்ரே' என்பார். பிரெஞ்சில் அதற்கு 'நிஜம்' என்று பொருள். எங்கள் தெருவிலோ, யாராவது வாய்கூசாமல் புளுகினால், 'செ வ்ரே வுடாத' என்போம்.

அந்த வருடம் ஐப்பசிக் கிருத்திகையன்று புயல் மழை. அப்பா விடியற்காலையிலேயே, காற்று கிளம்புவதற்கு முன், குடையைச் சைக்கிள் கேரியரில் செருகிக்கொண்டு போய்விட்டார். குடைப்பிடி உடைந்திருந்ததால் அம்மா அதில் சிவப்புத் துணி சுற்றித் தைத்திருந்தாள். அம்மாவுக்கு அப்போது ஏழு மாதம், வயிற்றில் என் தங்கை. பள்ளி இல்லை. மதியத்துக்கு மேல் காற்றின் சத்தம் மாறியது. அதுவரை வெளியே வீசிக்கொண்டிருந்தது, இப்போது வீட்டுக்குள் யாரையோ தேடுவதுபோல ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்த்தது. அம்மாவுக்குத் தெரியாமல் சொல்தா மாமா வீட்டு வாசலுக்கு ஓடினேன். அங்கே உள்ளே அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து கிருத்திகைச் சாப்பாடாக வெறும் ரசத்தையே பார்த்திருந்த எனக்கு, புயல் பயத்துக்கு நடுவிலும் வாயில் எச்சில் ஊறியது என்பதை இங்கே குறித்து வைக்கிறேன். பின்னால் தேவைப்படும்.

அப்போதுதான் பால்காரர் வந்தார். அரியாங்குப்பத்துக்காரர். மழைக்குத் தலையில் கோணிப்பையைக் கொங்காணியாக மடித்துப் போட்டிருந்தார், உதடுகள் வெளுத்திருந்தன.

"எப்படிய்யா வந்த?" என்றார் சொல்தா மாமா.

"கம்பியப் புடிச்சிக்கிட்டு ஊர்ந்துதான் வந்தேன். இனிமே ஒருத்தரும் தாண்ட முடியாது, போலீசு ரெண்டு பக்கமும் மறிச்சிட்டான். பாலத்து நடுவுல ஒரு சைக்கிள் கெடக்குது சொல்தா. ஆளக் காணோம். கேரியர்ல கொட சொருகினபடியே கெடக்குது. பாவம், எவன் பெத்த புள்ளயோ."

"இன்னா கொட?"

"கறுப்புக் கொடதான். புடியில செவப்புத் துணி சுத்திருக்கு."

பால்காரர் போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை. காது மட்டும் அடைத்துக்கொண்டது. சொல்தா மாமா என்னைத் தன் முன்னால் நிறுத்தி, இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டார்.

"முசியே, இங்க பாரு. ஒங்க அம்மா வாயும் வயிறுமா இருக்குது. இதக் கேட்டா தாங்காது. விடியற வரைக்கும் நாம ஒன்னு சொல்லுவோம்."

"இன்னா சொல்றது?"

"மரவாடி மொதலாளி மருந்துக்கடைக்கு போன் பண்ணாரு. காத்து அடங்கற வரைக்கும் ஒங்க அப்பா அங்கியே தங்கிக்கிறாரு. அவ்ளோதான். அதுக்கு மேல ஒரு வார்த்த வாணாம்."

"நீங்களே சொல்லுங்க மாமா."

"நான் சொன்னா இந்தத் தெருவுல நாய்கூட நம்பாது. பொய் சொல்லாத புள்ள சொன்னாதாண்டா பொய் நிக்கும். போ."

பிற்காலத்தில் பொய்யைப் பற்றித் தடிமனான புத்தகங்கள் சிலவற்றை நான் படித்ததுண்டு. அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் வைக்கும்படி அவற்றில் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அம்மா முருகன் படத்துக்கு முன் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொடுத்தபடி சொன்னேன்.

"யார்றா சொன்னது?"

"மருந்துக்கடைக்காரரு."

"அப்பா பேசுனாராமா?"

"மொதலாளி பேசுனாராம்."

அவள் என்னையே பார்த்தாள். காற்று கூரை ஓடுகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தது. அங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். என்னால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. அதற்குள் ஏதாவது போட்டு நிரப்பியாக வேண்டும் என்று தோன்றியது.

"சாப்பாடெல்லாம் குடுத்தாங்களாம்மா. மீன் கொழம்பு. அப்பா ரெண்டாவது தடவ வாங்கிச் சாப்ட்டாராம்."

திரி போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. "மீன் கொழம்பா?" என்றாள். பிறகு சிரித்தாள். "சரி, சாப்ட்டா சரி."

அப்போதுதான் படத்துக்கு முன்னால் அப்பாவுக்காக எடுத்து வைத்திருந்த பால் டம்ளரும் இரண்டு வாழைப்பழமும் என் கண்ணில் பட்டன. இன்று கிருத்திகை. என் பசி என் பொய்யில் கலந்துவிட்டிருந்தது. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்திருந்தால் ஏன் அழவில்லை? தெரியாவிட்டால் ஏன் கை நின்றது? என்றுமில்லாத வழக்கமாக அன்று அவள் எனக்குத் தோசை வார்த்துக் கொடுத்தாள். தன் சின்ன வயதுக் கதைகளைச் சொன்னாள். நடுநடுவே சத்தமாகச் சிரித்தாள். ஒரு வாய்கூட எனக்கு இறங்கவில்லை. பொய் இவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அவள் சிரிக்கச் சிரிக்க எனக்குக் குளிரெடுத்தது. கண்ணாடியில் நாக்கை நீட்டினேன். நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. தோசை மாவாகவும் இருக்கலாம். அழுத்தித் துடைத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

சொல்தா மாமாவிடம் ஓடினேன். மண்ணெண்ணெய் விளக்கைக் காலடியில் வைத்துக்கொண்டு, கோணிப்பையைப் போர்த்தியபடி வாசற்படிக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பக்கத்தில் இழுத்து அதே கோணிக்குள் உட்கார வைத்துக்கொண்டார். பயத்தை மறக்க ஒரு சண்டைக் கதை சொல்லச் சொன்னேன். புலி வந்தால்கூடப் போதும் என்றிருந்தது.

விளக்குத் திரியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, "நான் சண்டைக்கே போனதில்ல முசியே" என்றார். "சமையக்கட்டுலதான் வெச்சிருந்தாங்க. உருளக்கெழங்கு உரிச்சேன். துப்பாக்கிய தொடச்சி வெச்சிருக்கேன், சுட்டது கெடயாது. வெடிச் சத்தம் கேட்டா மேசைக்கு அடியில போயி உக்காந்துக்குவேன்."

சொல்லிவிட்டு அவர் நெஞ்சில் கை வைக்கவில்லை. 'செ வ்ரே' சொல்லவில்லை.

அன்றைய பயங்களில் உச்சம் அதுதான். சொல்தா மாமாவே உண்மை பேசுகிறார் என்றால் அப்பா நிச்சயம் திரும்பி வரமாட்டார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அன்று படுக்கும்போது முருகனிடம் நான் வேண்டிக்கொண்ட மாதிரி வேறு யாரும் வேண்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். 'முருகா, உன் கிருத்திகையை அப்பா மீறியிருந்தால் கோபித்துக்கொள்ளாதே. எப்படியாவது அவர் மீன் குழம்பு சாப்பிட்டிருக்கும்படி செய்துவிடு.' சொன்ன பொய் தற்செயலாக நடந்துவிட்டால் அது பொய்யா, உண்மையா? வாத்தியார் இதைச் சொல்லித்தரவில்லை. நடந்துவிட்டால் புழுவையும் சேர்த்து எடுத்துக்கொள்ளத் தயார் என்றும் சொல்லிவைத்தேன்.

காலையில் காற்று அடங்கி, தூறல் மட்டும் இருந்தது. அப்பா நடந்து வந்தார். முழங்கால் இரண்டும் சிராய்ந்து, வேட்டி கிழிந்து, யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். சொல்தா மாமா தன் வீட்டுப் படியில் எழுந்து நின்று, சல்யூட் அடித்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவளோ தூணைப் பிடித்துக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்பாவிடம் கேட்டாள்:

"மீன் கொழம்பு நல்லாருந்துச்சா?"

அப்பாவின் முகம் மாறியது. அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உள்ளே முருகன் படம் இருந்த பக்கம் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில், "கொஞ்சம் உப்பு தூக்கல்" என்று சொல்லிவிட்டு நேராகக் கிணற்றடிக்குக் குளிக்கப் போய்விட்டார்.

ஒரு பயம் போய், அது இருந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. மீன் குழம்பு என் கற்பனை. மரவாடியில் தங்கியது சொல்தா மாமாவின் கற்பனை. இரண்டையும் இவர் ஏன் ஒத்துக்கொள்கிறார்? கிருத்திகையன்று மீன் தின்ற பழியைச் சுமக்கிற ஆள், அதைவிடப் பெரிய எதையோ மறைக்கிறார் என்றுதானே பொருள்? ஒன்பது வயதில் இந்த முடிவுக்கு வந்தேன். வயது ஏற ஏற அதற்குக் கை கால் முளைத்தது. பதினைந்து வயதில் அரியாங்குப்பத்தில் ஒரு பெண்மணி உருவானாள். என் மனத்தில் அவளுக்கு நீலப் புடவை, ஒற்றைக்கல் மூக்குத்தி, உப்புக் கை. அவளைக் கடைசி வரை அம்மாவிடமிருந்து மறைத்துக் காப்பாற்றுவது என் கடமையாயிற்று. அப்பா வேலையிலிருந்து வரத் தாமதமாகும் நாளெல்லாம், அம்மா கேட்பதற்கு முன்பே அவருக்காக ஒரு காரணத்தை, விவரங்களோடு, நான் சொல்லிவிடுவேன். பொய் சொல்வதில் எனக்கு இருக்கும் இந்தக் கேவலமான பாணி அப்படிப் பழகியதுதான். அப்பா இறந்தபோது, சாவுக்கு வந்த கூட்டத்தில் நீலப் புடவை ஏதாவது ஓரமாக நின்று அழுகிறதா என்று நான் தேடினேன். இரண்டு இருந்தன. இரண்டும் என் மாமியார் வீட்டுப் பக்கம்.

இன்று அந்தப் பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. கீழே ஆறு இருப்பதைக்கூட யாரும் பார்ப்பதில்லை. தெரு முழுவதற்கும் ஒற்றை போன் வைத்திருந்த மருந்துக்கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். சொல்தா மாமா பிரான்சில் இருந்த மகளிடம் போனார், திரும்பவில்லை. அவர் வீடு இப்போது மூன்று மாடி ஸ்கேன் சென்டர். எங்கள் பழைய தெருப் பிள்ளைகளுக்கு 'செ வ்ரே' என்றால் என்னவென்று தெரியாது. அவர்கள் பொய்யே சொல்வதில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆப்பிள் வந்த அன்று சாயங்காலம் அம்மா அதில் ஒன்றை நறுக்கிக்கொண்டிருந்தாள். எங்களோடுதான் இருக்கிறாள்; பல் குறைவு, காது கூர்மை.

"ஏண்டா, பொய்யின்னு ஒன்னு சொன்னா சொல்லிட்டு சும்மா இருக்கமாட்ட? எதுக்கு சன்னலோரக் கட்டிலு?"

"எல்லாம் அந்த மீன் கொழம்புல ஆரம்பிச்சதும்மா" என்றேன். ஆரம்பித்த வாய் நிற்கவில்லை. பால்காரர், குடை, சொல்தா மாமா, கடைசியில் நீலப் புடவை வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் என் மாமனார் உள்ளேயிருந்து எழுந்து வந்துவிட்டார்.

"அடப்பாவி. அவரு அங்கதாண்டா இருந்தாரு! பாலத்துல காத்து ஆளத் தூக்குச்சாம். சைக்கிளப் போட்டுட்டு முட்டி போட்டே மரவாடிக்குத் திரும்பிட்டாராம். காவக்காரன் மடவ மீனு கொழம்பு வெச்சிருந்தானாம். பயத்துலயும் குளுருலயும் வெடவெடன்னு ஆடிக்கிட்டிருந்த மனுசன், சோத்தப் பாத்ததும் முருகனும் ஞாபகம் இல்ல, கிருத்திகையும் ஞாபகம் இல்லன்னாரு. புள்ளைக்குத் தெரிய வாணாம்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

"அப்ப ஒனக்கு அன்னைக்கே..."

"அன்னைக்கு ஒன்னும் தெரியாது. மருந்துக்கட காலைலேந்தே மூடிக் கெடந்துச்சு. கிருத்திகைல மீனு வேற. நீ சொன்ன உடனே பொய்யின்னு தெரிஞ்சிபோச்சு. அப்ப அவரு இல்ல, அதான் புள்ளைய வுட்டு சொல்லச் சொல்லிருக்காங்கன்னு நெனச்சேன். வயித்துல புள்ள ஒரு பக்கமா ஒதுங்கிக்கிச்சு. ஒன் மூஞ்சப் பாத்தேன். நான் அழுதா நீ அங்கியே விழுந்துருப்ப. அதான் தோச சுட்டேன்." கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டு சொன்னாள்: "காலைல ஒன்ன மாட்டிவிடலாம்னுதான் அவர்கிட்ட அப்படிக் கேட்டேன். எந்த மீனுன்னு கேப்பாருன்னு பாத்தா, உப்பு தூக்கலுங்கறாரு இந்த மனுசன்! எனக்கு எப்படித் தெரிஞ்சிதுன்னு கேட்டு கேட்டு ஓஞ்சிபோனாரு. முருகன்தான் எங்கிட்ட வந்து சொல்லிட்டாருன்னு சாவற வரைக்கும் நெனச்சிக்கிட்டிருந்தாரு."

"நீ சொல்லலியா?"

"கொஞ்சம் பயம் இருக்கட்டுமேன்னு வுட்டுட்டேன்."

ஆக, ஒரு மீன் குழம்புக்கு அம்மா ஒரு ராத்திரி பயந்தாள், அப்பா ஆயுள் முழுக்க முருகனுக்குப் பயந்தார், நான் இல்லாத ஒரு பெண்ணுக்குப் பயந்தே காலத்தை ஓட்டியிருக்கிறேன். வேண்டிக்கொண்டது அன்றைக்கே நடந்து முடிந்திருக்கிறது. எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. பட்டிமன்றத்தில் எதற்கும் பதில் வைத்திருக்கிற எனக்கு, அந்த நிமிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கத் தோன்றியது.

"அப்ப நான் சொன்னது பொய்யாம்மா, உண்மையா?"

அம்மா ஒரு துண்டு ஆப்பிளை மெதுவாக மென்று முடித்தாள். எதிரே நின்றிருந்த என் மாமனாரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீ சொன்னா நடந்துருது. எதுக்கும் நாளைக்கே இவரக் கதிர்காமம் கூட்டிட்டுப் போயி நெஞ்ச ஒரு தடவ காட்டிட்டு வந்துடு."